வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலி

"அம்மா, பிசாசோட பள்ளிக்கூடத்துல பிசாசு எந்த நாற்காலியில உக்காரும்?"

எட்டு வயது எனோரா இப்படிக் கேட்டபோது சோவாசிக் அவளுடைய மரச்செருப்புகளுக்குள் புது வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தாள். வலது செருப்புக்கு ஒரு பிடி, இடது செருப்புக்கு மூன்று பிடி. பிறவியிலேயே இடுப்பு மூட்டு நழுவிய பிள்ளை. இடது கால் இரண்டு விரற்கடை குட்டை.

"யாருட்டி உனக்கு அப்படிச் சொன்னா?"

"எல்லாருந்தான். மதர் சொன்னாவ. ஜாக்கெஸ் மாமா வீட்டு அத்தை சொன்னாவ. பெரிய சாமியும் பிரசங்கத்துல சொன்னாவல்லா?"

"நீயே போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்று சொல்லி, தலைத்துணியை இறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகு அடுப்படியில் மண்டியிட்டு மூன்று அருள்நிறை மந்திரம் சொன்னாள். சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் குடும்பத்திலிருந்து போன முதல் பிள்ளை எனோராதான்.

சாயங்காலம் அவள் கதவைத் திறக்கும்போதே பதிலோடு வந்தாள்.

"அம்மா, அங்க ஒரே ஒரு நாற்காலிதான். மத்ததெல்லாம் பெஞ்சு. பெஞ்சுல உக்காந்தா எனக்கு இடுப்பு வலிக்கும்னு டீச்சர் நாற்காலிய எனக்குக் குடுத்துட்டாவ."

"அப்ப அவங்க?"

"நின்னுக்கிட்டே இருந்தாவ. நாள் பூரா."

சோவாசிக் ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் அன்றைக்குப் பிள்ளையின் கிண்ணத்தில் வெண்ணெய் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது.

பிரெஞ்சு தேசத்துக் கடலோரத்தில், ப்ளூகோஸ் பங்கில், பிள்ளை பிறந்தால் கோயில் பக்கத்துக் கன்னியர் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சர்க்கார் பள்ளிக்கூடம் கடற்கரையோரம், சுங்கச்சாவடிக்குப் பின்னால் இருந்தது. சுங்கக் காவலர் பிள்ளைகளும் கலங்கரை விளக்கக்காரர் பிள்ளைகளுமாகப் பதினோரு பேர் அங்கே படித்தார்கள். சோவாசிக்கின் வீட்டிலிருந்து முந்நூறு எட்டுதான். கன்னியர் பள்ளிக்கூடமோ ஐந்து கிலோமீட்டர். இரண்டு வருஷம் அவள் புருஷன் குல்வென் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். கடற்பாசி வெட்டும் காலத்தில் அவனால் முடியாது. அப்போது பிள்ளை தனியாக நடந்தது. மூன்றாவது வருஷம் ஐப்பசி மழையில், பாதி வழியில், வாய்க்கால் ஓரத்தில் நனைந்து உட்கார்ந்திருந்த பிள்ளையைக் குல்வென் கண்டான். "அழக்கூட இல்ல, சோவாசிக். சும்மா உக்காந்திருக்கு. யாராவது வருவாவன்னு காத்துக்கிட்டு" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையின் ஈரச் செருப்பைக் கழற்றினான். மறுநாளே முடிவு செய்தார்கள்.

கன்னியர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பிள்ளையை மடத்திலேயே வைத்துக்கொள்கிறோம், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக்கொள் என்றார்கள். "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம பாக்கதுக்கா மதர் நான் பெத்தேன்?" என்று கேட்டுவிட்டு சோவாசிக் வந்துவிட்டாள்.

அந்தத் தபசு காலத்தில் பாப்பரசர் எழுதிய திருமுகத்தைப் பெரிய சாமி கெர்நெய்ஸ் பிரசங்கத் தொட்டியில் நின்று வாசித்தார். பிள்ளைகளைச் சர்வேசுரன் சர்க்காரிடம் கொடுக்கவில்லை, தாய் தகப்பனிடம் கொடுத்தார். வளர்க்கிற கடமையும் படிக்க வைக்கிற உரிமையும் அவர்களுக்கே முதலில் என்று அவர் விளக்கிச் சொன்னபோது சோவாசிக்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த வார்த்தை அவளுக்குப் புதிதல்ல. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கன்னியர்களைத் துரத்தச் சர்க்கார் பட்டாளத்தை அனுப்பியது. பள்ளிக்கூட வாசலை மறித்து உட்கார்ந்த பெண்களில் அவள் தாயும் ஒருத்தி. வாளி வாளியாகச் சாணித் தண்ணீரைக் கலக்கி, சிப்பாய்களின் பளபளப்பான பொத்தான்கள்மேல் ஊற்றினாள். "எம்புள்ள எங்க படிக்கணும்னு நான் சொல்லுவேன்!" என்று கத்தினாள். அவள் பக்கத்தில் பாடுபட்ட சுரூபச் சிலுவையைத் தூக்கிப் பிடித்து நின்ற இளம் சாமி வேறு யாருமல்ல, இந்தக் கெர்நெய்ஸ் சாமிதான். கடைசியில் கதவைச் சிப்பாய்கள் பூட்டினார்கள். அந்தப் பூட்டோடு சோவாசிக்கின் படிப்பும் நின்றது. கன்னியர் திரும்பி வந்து பள்ளியைத் திறந்தபோது அவள் பாசி சுமக்கிற பெண்ணாகியிருந்தாள். தெரிந்த கொஞ்சமும் மறந்து, இன்று ஓர் எழுத்தும் தெரியாது.

ஆகவே திருமுகம் கேட்ட சந்தோஷத்தோடுதான் பாஸ்கு என்கிற உயிர்ப்புத் திருநாளுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாமி கேட்டார்.

"பிள்ளை எங்க படிக்குது?"

"கடற்கரையில, சாமி. காலு..."

"எடுத்துருவியா?"

"எங்க சாமி கொண்டுபோவேன்? அதால நடக்க முடியாது."

"எடுக்கேன்னு வாக்குக் குடு. பாவமன்னிப்புத் தாரேன்."

"பொய் வாக்கா குடுக்கச் சொல்லுதீங்க?"

பலகைக் கதவு சாத்திக்கொண்டது.

ப்ளூகோஸில் பாஸ்குவுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தவர்களுக்குச் சாமி ஒரு மஞ்சள் சீட்டுக் கொடுப்பார். பங்கின் முத்திரையும் வருஷமும் அதில் இருக்கும். பாஸ்கு பூசையில் அந்தச் சீட்டைத் தட்டில் போட்டுவிட்டுத்தான் நன்மை என்கிற அப்பம் வாங்கப் போக வேண்டும். சீட்டு இல்லாதவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். அந்த வருஷம் சோவாசிக் இருந்தாள். அவள் வரிசைப் பெண்கள் அவள் முழங்காலை உரசிக்கொண்டு, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். பிறந்ததிலிருந்து ஒரு பாஸ்குகூடத் தவறாதவள். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது. அழுகையால் அல்ல.

அடுத்த அமாவாசைக்குப் பாசி வெட்டுத் திறந்தது. கடல் வற்றி, பாறைகள் கறுத்துத் தலைநீட்டின. வெட்டிய பாசியை ஏற்றிய வண்டியை ஈர மணலிலிருந்து மேட்டுக்கு இழுக்க இரண்டு குதிரை வேண்டும். குல்வென் குதிரையும் பக்கத்து வீட்டு ஜாக்கெஸ் குதிரையும் பதினாலு வருஷமாகச் சேர்ந்து இழுத்தவை. அன்று காலை ஜாக்கெஸ் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"குதிரைக்குக் காலு சரியில்ல, குல்வென்."

"நேத்து வயல்ல துள்ளிக்கிட்டு நின்னுச்சே?"

"அது... இன்னைக்குக் காலையிலதான்."

"எந்தக் காலு?"

ஜாக்கெஸ் யோசித்தான். "பின்னங்காலு."

சோவாசிக் அரிவாளை மணலில் குத்தினாள். "குதிரைக்கு ஒண்ணுமில்ல வே. உம்ம பொண்டாட்டிக்கு நாக்குல வலி. உமக்கு முதுகெலும்புல வலி. வைத்தியம் பாக்க வேண்டியது ரெண்டு பேருக்கும்தான்."

"என்னைய என்ன செய்யச் சொல்லுத? ஊரோட இருக்க வேண்டாமா?"

"நாங்க எந்த ஊரு? கடலுக்கு அந்தப் பக்கமா?"

அவன் போய்விட்டான். குல்வெனும் அவளும் தூக்குப்பலகையின் இரு முனையையும் பிடித்து, சொட்டச் சொட்டப் பாசியை மேட்டுக்குச் சுமந்தார்கள். நாற்பது நடை. நாற்பத்தோராவது நடைக்குக் கடல் திரும்பிவிட்டது. வெட்டியதில் பாதியை அலை வாரிக்கொண்டு போனது. அன்று மத்தியானம் கருங்கோதுமை அடையைப் பிட்டு மோரில் முக்கித் தின்றார்கள். கடைசியில் குல்வென் சொன்னான். "வேணும்னா புள்ளைய நிறுத்திருவோமா?"

"நிறுத்தி?"

"வீட்டுல இருக்கட்டும்."

"என்னைய மாதிரியா?" என்றாள் சோவாசிக். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இரண்டாவது பாஸ்குவும் சீட்டில்லாமல் போயிற்று. எனோராவுக்குப் பதினோரு வயது நடந்தது. அடுத்த வருஷம் ஆனியில் அவள் ஊரறியப் பவனி போய்ப் பெரிய நன்மை வாங்க வேண்டும். கன்னியர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே ஞானோபதேசம் நடந்தது. மற்றப் பிள்ளைகள் தினம் காலை ஏழு மணிக்குக் கோயிலுக்கு வர வேண்டும் என்றார் சாமி. ஐந்து கிலோமீட்டர், மாரிகால இருட்டில். வியாழக்கிழமை மட்டும் குல்வென் தூக்கிக்கொண்டு போனான். மற்ற நாள் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஒருநாள் மத்தியானம் சோவாசிக் பாசிக்கூடையோடு பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள். வாசலுக்கு வெளியே, ரஸ்தாவில், அந்த ஒரே நாற்காலி. அதில் எனோரா. பக்கத்தில் ரிவோல் டீச்சர், மெலிந்த, மூக்குக்கண்ணாடி போட்ட பெண், காற்றில் சால்வையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். கையில் ஞானோபதேசப் புத்தகம். பிள்ளை ஒப்பிக்க ஒப்பிக்க, டீச்சரின் விரல் வரிமேல் ஊர்ந்தது. திடீரென்று விரல் நின்றது. டீச்சர் தலையை ஆட்டினாள். பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தது.

டீச்சர் கிழக்கே வெகுதூரத்திலிருந்து வந்தவள். பிரெஞ்சு தவிர ஒன்றும் தெரியாது. ஞானோபதேசமோ இந்த ஊர்ப் பிரெத்தோன் பாஷையில் இருந்தது.

"ஏட்டி, என்ன இது? ஏன் ரோட்டுல உக்காந்திருக்க?"

"பள்ளிக்கூடத்துக்குள்ள ஜெபம் படிக்கக் கூடாதுன்னு சர்க்கார் சட்டமாம்மா. சட்டம் இந்த வாசப்படியோட முடிஞ்சுபோச்சாம். அதான் நாற்காலிய வெளிய தூக்கிட்டு வந்தாவ."

"அவங்களுக்கு இது புரியுமா?"

எனோரா பிரெஞ்சில் கேட்டாள். டீச்சர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். பிள்ளை அப்படியே திருப்பிச் சொன்னது. "ஒரு வார்த்தகூடப் புரியாதாம். எழுத்தப் பாத்துத்தான் சரி பாக்காவளாம். டீச்சருக்குச் சாமி நம்பிக்கையும் இல்லையாம். ஆனா எனக்கு ரெண்டு வார்த்த விட்டுப்போச்சாம்."

சோவாசிக் கூடையை இறக்கினாள். கூடையிலிருந்து பாறை நத்தை ஒரு பிடி அள்ளி நீட்டினாள். டீச்சர் மறுத்துவிட்டாள். ஜெபம் சொல்லிக்கொடுப்பது மேலதிகாரிக்குத் தெரிந்தால் அந்தப் பெண்ணின் வேலையே போகும் என்று சுங்கக் காவலர் மனைவி பிறகுதான் சொன்னாள்.

அந்த மாரிகாலத்தில் டீச்சரோடு இருந்த அவளுடைய தாயார் மார்ச்சளியில் இறந்துபோனார். தவறாமல் பூசைக்கு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் பேசாமல் திரும்பிப் போன கிழவி. சாமி முறைப்படிதான் அடக்கம் செய்தார். இடம் மட்டும் வடக்குச் சுவரோரம், வெயிலே படாத மூலை. குழிக்கரையில் சுங்கக் காவலர் இரண்டு பேரும் சோவாசிக் குடும்பமும் நின்றார்கள். அவ்வளவுதான்.

மூன்றாவது பாஸ்குவுக்கும் சீட்டில்லை. வைகாசியில் பெரிய நன்மைக்கான பரீட்சை நடந்தது. எனோரா ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. "யாரு சொல்லிக்குடுத்தா?" என்று சாமி கேட்டார். "டீச்சர், ரோட்டுல" என்றது பிள்ளை. சாமியின் முகம் சுருங்கிப்போயிற்று. பிறகு தாயை மட்டும் சாமியார் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"பிள்ளைக்கு நன்மை உண்டு. பவனியில கடைசியில வரட்டும். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் வழக்கம். உனக்குச் சீட்டு, அவள எடுத்த பிறகு."

சோவாசிக் தலைத்துணியின் நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"சாமி, ஒண்ணு கேக்கேன். எங்கம்மா அன்னைக்குச் சாணித் தண்ணி ஊத்துனப்ப நீங்க பக்கத்துல நின்னீங்களா இல்லையா?"

"நின்னேன். அதனாலதான் சொல்லுதேன். அந்தச் சர்க்கார் உங்கள எல்லாம் என்ன பாடு படுத்துச்சுன்னு..."

"அம்மா என்ன சொல்லிக் கத்துனா?"

அவர் மேசைமேலிருந்த ஜெபப்புத்தகத்தை மூடினார்.

"எம்புள்ள எங்க படிக்கணும்னு நான் சொல்லுவேன்னு கத்துனா. நீங்க ஆமென்னு சொன்னீங்க. நான் கேட்டேன். பாப்பரசரும் அதத்தான எழுதியிருக்காவ? நீங்கதான வாசிச்சீங்க? சர்க்காருக்கு முன்னாடி சர்வேசுரன் என் கையில குடுத்தாருன்னா, உங்களுக்கு முன்னாடியும் என் கையிலதான குடுத்தாரு?"

"நாக்க அடக்கிப் பேசு. உரிமைன்னா வேதத்தக் கைவிடுத உரிமையா?"

"யாரு கைவிட்டா? அது உங்க முன்னால நின்னு ஒரு வார்த்த தப்பாம ஒப்பிச்சுச்சே! வேதம் அதுகிட்ட பத்திரமா இருக்கு சாமி. நடக்கத்தான் முடியல."

சாமி எழுந்து ஜன்னலுக்குப் போனார். வயதாகிவிட்டது அவருக்கு. அவர் சொன்னது கொடுமையால் அல்ல, பயத்தால் என்பது அந்த நிமிஷம் அவளுக்கே தெரிந்தது. "இன்னைக்கு ஒரு நொண்டிப் பிள்ளைக்குக் கதவத் திறந்தா, நாளைக்குப் பத்து பேருக்குக் காலு வலிக்கும்."

"வலிச்சா பத்தும் பக்கத்துல படிக்கட்டும்."

"அது என் கையில இல்ல. இப்படிப்பட்ட காரியத்துல எனக்கு மேல இருக்க மேற்றிராணியார்தான் உத்தரவு தரணும்."

சோவாசிக் நிமிர்ந்தாள். "தரலாமா? அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கு."

"கேட்டீங்களா?"

சாமி ஜன்னல் கொண்டியைத் திருகினார்.

"மூணு வருஷம் சாமி! ஒரு தாளு. ஒரு தபால்தலை. அதுக்கு எம்புள்ள பெறாதா? மூணு பாஸ்கு என்னைய ஊரு முன்னால கல்லு மாதிரி உக்கார வச்சீங்க. எங்க குதிர ஒத்தையா நிக்கி. கேக்கணும்னு தோணவே இல்லையா உங்களுக்கு?" அவள் கதவருகே போய்த் திரும்பினாள். "எனக்கு எழுதத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நானே எழுதியிருப்பேன். ஏன் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்."

விடைபெறாமல் வெளியே வந்தாள். சாமிக்கு முன்னால் முதுகைக் காட்டி நடந்தது அவள் ஆயுளில் அன்று ஒருநாள்தான்.

ஆனி மாதப் பவனியில் பெண்பிள்ளைகள் வெள்ளை முக்காடு போட்டு, மெழுகுதிரி பிடித்து, கோயில் நடுவே இரண்டிரண்டாகப் போனார்கள். கன்னியர் பள்ளிப் பிள்ளைகள் முன்னால். சுங்கக் காவலர் மகள்கள் பின்னால். எல்லாருக்கும் பின்னால், ஜோடியில்லாமல், எனோரா. முன்னால் போனவர்கள் சீக்கிரம் போய்விட்டார்கள். இவள் பாதிக் கோயிலைத் தாண்டுமுன்னே பாட்டு முடிந்துவிட்டது. ஊரே திரும்பிப் பார்த்தது. அந்த மௌனத்தில் கல்தரைமேல் ஒரு கால் 'டக்' என்றும் ஒரு கால் 'சர்' என்றும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போது ஆண்கள் பக்கத்தில் ஒரு கரகரத்த குரல், முடிந்த பாட்டை முதலடியிலிருந்து மறுபடி தொடங்கியது. சுருதி சேராத குரல். ஜாக்கெஸ். முகம் இரத்தமாகச் சிவந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாடினான். அவன் பெண்டாட்டி முழங்கையால் இடித்தது பின்வரிசைக்கெல்லாம் தெரிந்தது. அவன் நிறுத்தவில்லை. இரண்டாவது அடியில் குல்வென் சேர்ந்தான். நாலாவது அடியில் பாதிக் கோயில் பாடியது.

சோவாசிக் எழுந்து போய் மகளுக்கு இடதுபக்கம் நடந்தாள். பிள்ளையின் கையைப் பிடிக்கவில்லை. குட்டைக்கால் தடுமாறினால் சாய்ந்துகொள்ளத் தோளை மட்டும் வைத்திருந்தாள். நன்மைக் கிராதிக்கு ஓர் எட்டு முன்னால் நின்றுவிட்டாள். சீட்டில்லாதவள் அதற்கு மேல் போகக் கூடாது. எனோரா மட்டும் போய் முழங்காலிட்டாள். சாமி பிள்ளையின் நாவில் நன்மையை வைத்தார். பிறகு தலையைத் தூக்கி அந்த ஓர் எட்டு இடைவெளியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

ஆவணி கடைசியில், பாசி உலர்த்துகிற நேரத்தில், கெர்நெய்ஸ் சாமி கடற்கரைக்கு வந்தார். வண்டியில் வரவில்லை. அங்கியின் விளிம்பெல்லாம் சேறு.

"கெம்பேரிலிருந்து மேற்றிராணியார் பதில் வந்துட்டு" என்றார். "பிள்ளை இங்கேயே படிக்கலாம்." அங்கிப் பையிலிருந்து மஞ்சள் சீட்டை எடுத்தார். "நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு வா. காலம் தப்பினாலும் பரவாயில்ல."

"நடந்தா வந்தீங்க?"

"ஆமா. எவ்வளவு தூரம்னு பாக்கணும்னு தோணுச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"மூணு பாஸ்கு போச்சு சாமி."

"தெரியும்."

"தெரிஞ்சா திரும்பி வந்துருமா?"

குல்வென் குதிரைப்பக்கம் போயிருந்தான்; தூக்குப்பலகையின் மறுமுனை மணலில் கிடந்தது. சாமி குனிந்து அதைப் பிடித்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோபம் தீரவில்லை, ஆனால் பாசி கனமாக இருந்தது. இரண்டு பேருமாக ஒரு நடை மேட்டுக்குச் சுமந்தார்கள்.

இந்தச் செய்தியை ரிவோல் டீச்சரிடம் சொல்ல எனோரா விரைந்தபோது பள்ளிக்கூடத்தில் புது வாத்தியார் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். டீச்சரைத் தேசத்தின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். ரஸ்தாவில் நடந்த பாடம் யாருடைய காதுக்கோ எட்டியிருந்தது. நாற்காலி மட்டும் அங்கேயே இருந்தது.

சகல அர்ச்சியசிஷ்டர் திருநாளுக்கு முந்தைய நாட்களில் ப்ளூகோஸ் பெண்கள் எல்லாரும் தங்கள் கல்லறைகளைத் தேய்த்துக் கழுவிச் செவ்வந்தி வைப்பார்கள். யார் வீட்டுக் கல் எவ்வளவு வெள்ளை என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சோவாசிக்கும் தன் தாயின் கல்லைப் பகலில் ஊரோடு ஊராகக் கழுவி முடித்தாள்.

திருநாளன்று முதல் மணி அடிக்குமுன்னே, விடிகிற வெளிச்சத்தில், அவள் மறுபடி வந்தாள். வடக்குச் சுவரோரம், டீச்சருடைய தாயாரின் கல்லுக்குப் போனாள். வெயில் படாத மூலை. ஒரு வருஷம் ஆகுமுன்னே கல்லில் பச்சை பிடித்திருந்தது. கொண்டுவந்த கடல்மணலை ஈரச் சாக்கில் வைத்துத் தேய்த்தாள். வாளித் தண்ணீரால் கழுவினாள். கல்லில் வெட்டியிருந்த பெயருக்குள் பாசி அடைத்திருந்தது. பிரெஞ்சோ பிரெத்தோனோ, அவளுக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான்.

முழங்காலிட்டு, சின்னத் தூரிகையை எடுத்து, முதல் எழுத்தில் வைத்தாள். அது சுத்தமானதும் விரலை ஓட்டிப் பார்த்தாள். எங்கேயோ ஒரு கோடு விட்டுப்போயிருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு, மறுபடி ஆரம்பத்திலிருந்து தேய்த்தாள்.